நம்பர் வராத ஜீப்

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. சைக்கிள் கடையில் பிரேக் பார்க்கிறவரா என்று என் பேத்தி கேட்கிறாள். உங்களுக்குப் புரியும். வண்டிகளைப் பரிசோதித்து ரோட்டில் விடலாமா கூடாதா என்று சொல்கிற அந்த அதிகாரியை நம் காலத்தில் அப்படித்தான் சொல்வோம். லாரி, பஸ் வைத்திருந்தவர்கள் வீட்டில் அந்தப் பெயர் வந்தாலே குரல் தானாகத் தாழ்ந்துவிடும். எங்கள் வீட்டில் லாரியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆனாலும் ஒரு கோடை முழுக்க, மழை வரும்வரை, அவர் பேச்சில்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி எங்கள் வீடு. அப்பா அளத்தில் இன்ஜின் டிரைவர். டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடல் தண்ணீர் ஏறி நிற்கிற கழியிலிருந்து பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினுக்கு அவர் டிரைவர். விடிவதற்கு முன்னால் அதைச் சுற்றிக் கிளப்புவார். அதன் டப்டப் சத்தம் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன். சத்தம் கேட்கிற வரைக்கும் அப்பா அங்கே இருக்கிறார் என்று தெரியும். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

அம்மா வீட்டில் இல்லை. பட்டணத்துக்குப் பக்கத்தில் இருந்த சானடோரியத்தில் இருந்தாள். காச நோய். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். "ஒடம்பு சரியில்ல" என்பார்கள், அதையும் கதவைச் சாத்திவிட்டுச் சொல்வார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடு வந்து தங்கிச் சமைத்துப் போட்டாள். அம்மா கிளம்பிய அன்றே அவளுடைய பாயையும் தலையணையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டாள். அம்மாவின் தம்ளர் பித்தளை என்பதால் பிழைத்தது. அதைச் சாம்பல் போட்டு விளக்கி, வெளிச்சுவர் மாடக்குழியில் கவிழ்த்து வைத்தாள். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அது அங்கேயே இருக்கும்.

ஊர்ப் பிள்ளைகளை என்னோடு விளையாட விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை ஜன்னலோரம் தனியாக உட்காரவைத்தார். காற்று வரும், நல்லதுதான் என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பெண்பிள்ளைகள் எல்லாரும் தரையில் நெருக்கியடித்து உட்காருவோம் இல்லையா, நான் உட்கார்ந்தால் மட்டும் என் இரண்டு பக்கமும் தரை தெரியும். பூசை முடிகிற வரைக்கும் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு இருமல்கூடக் கிடையாது. தும்மல் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவேன்.

ஜீப் எதற்கு வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்த பஸ் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அம்மாவைச் சானடோரியத்தில் சேர்ப்பதற்கு முன்னால், திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அப்பாவும் அம்மாவும் நானும் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நல்ல கூட்டம். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கத்தினாள். கண்டக்டர் விசில் அடித்தார். பிரம்மதேசத்துக்குத் திரும்புகிற இடத்தில் எங்கள் மூன்று பேரையும் இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. கொடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருக்கிறது. வெயிலில் வெகுநேரம் நின்றோம். கடைசியில் காலியாகத் திரும்பிய உப்பு லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. அம்மா வழியெல்லாம் அப்பாவிடம், "வுடுங்க, வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இனிமே உன்ன பஸ்ல ஏத்த மாட்டேன்."

சானடோரியத்துக்கு அவளை அந்த உப்பு லாரியில்தான் கொண்டுபோனார். மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். குணமாகித் திரும்பி வரும்போது மட்டும் சொந்த வண்டியில், உட்கார்ந்து, ஊர் பார்க்க வரவேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். டாக்ஸி வைத்திருக்கலாமே என்பீர்கள். வெகுகாலம் கழித்து நானும் அதை அவரிடம் கேட்டேன். "அவன் மட்டும் எறக்கி வுட மாட்டானா?" என்றார்.

ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்காரர்கள் பழைய வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று உப்பு லாரி ஓட்டுகிற அண்ணன்தான் வந்து சொன்னார். அப்பாவும் அனுமந்தையிலிருந்த மாமாவும், அதாவது அம்மாவின் அண்ணனும், சேர்ந்து போய் ஒரு ஜீப்பை எடுத்தார்கள். அம்மா வந்த பிறகு மாமா அதில் மீன் ஏற்றிக்கொள்வார், அது அவர்களுக்குள் ஏற்பாடு. உப்பு லாரியின் பின்னால் கயிறு கட்டி அதை இழுத்து வந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கும் அளத்துக்கும் நடுவில் இருந்த மேட்டில், மூக்கு வடக்கே பார்க்க, அது வந்து நின்றது. பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை. ஸ்டியரிங் இடது பக்கம். பானெட்டின் மேல் வெள்ளையில் ஒரு நம்பர், நம்பருக்கு முன்னால் வண்டியின் மூக்கைப் பார்க்கிற ஒரு அம்பு. உள்ளே ஏறினால் கித்தான் கூரையில் மக்கல் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் அடிக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் யாரோ ஆணியால் இந்தியில் எதையோ கீறியிருந்தார்கள். அது ஒரு பெயர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். படிக்கத் தெரியாததால் அந்த ஆளுக்குத் தினம் ஒரு பெயர் வைத்தேன். எனக்குப் பேச்சுத்துணை அவர்தான். சண்டைக் காலத்தில் வெளிச்சம் மேலே தெரியாமல் இருக்க விளக்குக்குப் போட்டிருந்த தகர மூடி ஒன்று கழன்று கிடந்தது. அதை எடுத்து அதில் சோறாக்கி அவருக்குப் போடுவேன். அந்த மூடி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இப்போது கிடைத்தால் இந்த வீட்டு ஷோகேஸில் வைப்பேன்.

அம்பு வடக்கே காட்டியதா, பட்டணம் வடக்கேதான் இருக்கிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்களா, அது அம்மா இருக்கிற இடத்தைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். சின்னப்பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்!

வண்டி வந்துவிட்டதே, நாளைக்கே போய் அம்மாவைக் கூட்டி வரலாம் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. "மிலிட்டரி வண்டிய அப்படியே ரோட்ல ஏத்த முடியாது. நம்பர் வாங்கணும்" என்றார். அந்தப் பச்சை நிறம் பட்டாளத்துக்கு மட்டும்தான், நம்மைப் போன்றவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, மாற்ற வேண்டும். அம்பை அழிக்க வேண்டும். ஆரன் வேண்டும், கண்ணாடி வேண்டும், கை பிரேக் பிடிக்க வேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம் என்பதைப் பின்னால் பெரிதாக எழுத வேண்டும். இதையெல்லாம் முடித்து, ஏலம் விட்ட மிலிட்டரி டிப்போ கொடுத்த காகிதத்தோடு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினால் அவர் பார்த்து நம்பர் கொடுப்பார். நம்பர் கொடுத்துவிட்டால் ரோடு நம்முடையது. அப்பா இதை ஒரு ஜெபம் சொல்கிற மாதிரி தினமும் சொல்வார். பங்குச் சாமியாரிடம் வண்டியை மந்திரிக்கக் கேட்டதற்கு, "நம்பர் வரட்டும்பா, அப்புறம் மந்திரிக்கலாம்" என்று அவரும் சொல்லிவிட்டார். ஆண்டவரும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கட்டுப்பட்டவர்தான் போலிருக்கிறது என்று அத்தை முணுமுணுத்தாள்.

கடைசியாக ஒன்று இருந்தது. காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, தலை விழும், பூ விழும், ஞாபகம் இருக்கிறதா? வண்டியின் அடியில் சேஸிஸ் என்கிற சட்டத்து இரும்பில் ஒரு நம்பரைக் குத்தியிருப்பார்களாம். இன்ஸ்பெக்டர் அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பாராம். அது டிப்போ காகிதத்தில் இருக்கிற நம்பரோடு ஒத்துப்போக வேண்டுமாம். லாரிக்கார அண்ணன் சொன்ன இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் இருந்த காசையெல்லாம் தேய்த்துத் தேய்த்து நோட்டை நிரப்பி வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் லாரிக்கார அண்ணன் ஒருநாள் லாரியை நிறுத்தாமலே எட்டிப் பார்த்துக் கத்தினார். அவர் உப்பு ஏற்றிக்கொண்டு பட்டணம் போகிறபோதெல்லாம் அத்தை கொடுக்கிற ஊறுகாயையும் கருவாட்டையும் அம்மாவிடம் சேர்த்துவிட்டு, அவள் சொல்வதைக் கேட்டு வருவார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்களுக்கு அவர்தான் தபால்.

"டாக்டர் சொல்லிட்டாராம்! இனிமே யாருக்கும் ஒட்டாதாம். மாத்திர மட்டும் சாப்டுட்டு இருந்தா போதுமாம். கூட்டிட்டுப் போலாமாம்!"

அப்பா இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "வண்டியோட வர்றேன்னு சொல்லு. அதுவரைக்கும் அங்கியே இருக்கச் சொல்லு" என்றார்.

அந்த வாரம்தான் மாமா வந்தார். அப்பா கழிப் பக்கம் இருந்தார். மாமாவோடு அனுமந்தைக் கடற்கரை ஆட்கள் நாலைந்து பேர். கயிறு, சவுக்குக் கழி, சுரண்டி, அரம், ஒரு டின் தார், ஒரு டின் நீல பெயின்ட். எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுசு கம்மி என்பது உங்களுக்குத் தெரியும். தாழ்ப்பாள் நாலு வருஷத்தில் தூளாகும். சைக்கிளின் மட்கார்டைத் தொட்டால் விரல் உள்ளே போகும். ஜீப்போ அளத்து ஓரத்தில் உப்புக் காற்றில் நின்றுகொண்டிருந்தது. மாமாவுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? படகைப் பற்றித் தெரியும். படகைக் கரையேற்றி, சாய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையெல்லாம் மொழுமொழுவென்று சுரண்டிவிட்டு, தார் பூசிவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. அதையே ஜீப்புக்கும் செய்தார்.

கயிறு போட்டு, கழி கொடுத்து, சத்தம் போட்டு இழுத்து ஜீப்பை மணலில் ஒருக்களித்துச் சாய்த்தார்கள். அதன் அடிவயிற்றை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து துருவைச் சுரண்டினார்கள். சுரண்டிக்கு வராத இடத்தை மாமா அரத்தால் ராவினார். சட்டம் முழுக்க வெள்ளி மாதிரி பளபளத்தது. அப்புறம் தார். நிமிர்த்தி வைத்து மேலே நீல பெயின்ட். அம்பு இருந்த இடத்தில் வெள்ளையில் ஒரு சிலுவை போட்டார், அவர் படகின் மூக்கில் இருக்கிற மாதிரியே. அம்பு போய்விட்டதே என்று எனக்குத் துக்கம்தான். ஆனால் அன்றைக்கு எனக்குக் கூட்டம் கிடைத்தது. அவர்கள் யாரும் என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது ஒருவர் தன் வாழையிலையிலிருந்தே மீனைப் பிட்டு எனக்கு ஊட்டினார். கையில் தார் வாசனை அடித்தது. இன்றைக்கும் ரோடு போடுகிற இடத்தைக் கடந்தால் எனக்குப் பசிக்கிறது.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்து மாமாவைக் கட்டிக்கொண்டார்.

"என் தங்கச்சி ஏறி வர்ற வண்டி, மச்சான்" என்றார் மாமா. "உப்பு தொடக் கூடாது."

பிரேக் இன்ஸ்பெக்டர் திண்டிவனத்துக்குக் கேம்ப் வருகிற நாளில் லாரிக்குப் பின்னால் கட்டி ஜீப்பைக் கொண்டுபோனோம். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார், பக்கத்தில் மாமா, பின்னால் நான். அம்மாவுக்காக வாங்கிய புதுச் சேலை ஒன்று மஞ்சள் பையில் என் மடியில் இருந்தது. நம்பர் கிடைத்தால் அப்படியே பட்டணம் போய்விடலாம் என்று அப்பாவுக்கு எண்ணம். நம்பர் அப்படி உடனே வராது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையோ, சொல்லியும் கேட்கவில்லையோ.

ஒரு மைதானத்தில் லாரிகளும் டிராக்டர்களும் வரிசையாக நின்றன. இன்ஸ்பெக்டர் வெள்ளை பேன்ட், கறுப்புக் கண்ணாடி. எங்கள் முறை வந்ததும் ஆரனை அடித்துப் பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார். கை பிரேக்கை இழுத்துவிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னார், வண்டி அசையவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அப்பாவின் கழுத்து வியர்வை காய்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அப்புறம் அவருடைய ஆள் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். தேய்த்தார். நான் எட்டிப் பார்த்தேன், எத்தனை காசு தேய்த்துப் பழகியவள் நான்! காகிதம் மொத்தமும் கறுப்பாக வந்தது. ஒரு எண்கூட இல்லை. அவர் சாவியால் தாரைச் சுரண்டிவிட்டு மறுபடி தேய்த்தார். மறுபடியும் கறுப்பு.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தானே குனிந்து பார்த்தார்.

"ஏம்பா, நம்பர் எங்க?"

"அங்கதான் சார் இருந்துச்சு. டிப்போ கேட்ல பாத்துட்டுத்தான் வெளிய வுட்டாங்க."

"இருந்துச்சு. இப்ப இல்ல. அரத்தால ராவி இருக்குது. நம்பர யாரு ராவுவாங்க தெரியுமா? திருட்டு வண்டி விக்கிறவன் ராவுவான்."

அப்பா டிப்போ காகிதத்தை எடுத்து நீட்டினார். மாமா குறுக்கே வந்து நின்றார். "நான்தான் சார் ராவுனேன். திருடன் இல்ல சார், எனக்கு அனுமந்த. படவுக்குப் பண்ற மாதிரி சுரண்டித் தாரடிச்சேன். உப்புக் காத்து சார். அரிச்சுடும்னு..."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார். பக்கத்து லாரிக்காரர்கள் சிரித்தார்கள். மைதானமே சிரித்தது என்றுதான் எனக்கு ஞாபகம். மாமாவும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தார். அப்பா மட்டும் மடித்து வைத்த டிப்போ காகிதத்தை நீட்டியபடியே நின்றார்.

"படவுக்கு அது அழுக்குய்யா. வண்டிக்கு அதான் பேரு" என்றார் இன்ஸ்பெக்டர். சிரிப்பு போய்விட்டிருந்தது. டிப்போவிலிருந்து, இன்ஜின் நம்பரைக் குறித்து, இது நாங்கள் விற்ற வண்டிதான் என்று எழுதி வாங்கி வரவேண்டும். அதை வைத்து மேலே எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் உத்தரவு போட்டால் புதிதாக ஒரு நம்பரைக் குத்தலாம். "நாளாகும்பா" என்றார்.

அந்த மனுஷனை எங்கள் வீட்டில் எப்படியெல்லாம் சபித்தோம்! இப்போது யோசித்தால், அவர் வண்டியைப் பிடித்துப் போட்டு, அப்பாவையும் மாமாவையும் போலீஸில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஒரு படகுக்காரர் சொன்னதை நம்பினார். அதற்கு ஒரு நன்றிகூட நாங்கள் சொல்லவில்லை.

அப்பா அதற்குப் பிறகு மாமாவோடு பேசவில்லை. மாமா ஆள் மூலமாக மீன் அனுப்புவார். அத்தை வாங்கிச் சமைப்பாள். அப்பா சாப்பிடுவார், யார் கொடுத்தது என்று கேட்க மாட்டார். லீவு கிடைக்கிற நாளெல்லாம் ஆவடிக்கும் ஆபீஸுக்கும் அலைந்தார். டிப்போவில் ஆபீஸர் மாறிவிட்டார் என்பார்கள், அடுத்த மாதம் வா என்பார்கள். போகிற வழியில்தான் சானடோரியம். ரயிலை விட்டு இறங்கினால் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். அவர் இறங்கவில்லை. "வண்டியோட வர்றேன்னு சொல்லிட்டு வெறுங்கையோட போய் எப்படி நிக்கிறது" என்று அத்தையிடம் சொன்னதை நான் கேட்டேன். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. பிரியமில்லாத மனிதர் என்றால் மறந்திருப்பேன். பிரியத்தை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தார், அதனால்தான்.

லாரிக்கார அண்ணன் போகும்போது அப்பா சொல்வார்: "வண்டி வருதுன்னு சொல்லு." திரும்பி வரும்போது அம்மா சொன்னதை அவர் சொல்வார். முதலில், "சரின்னாங்க." அப்புறம், "எப்ப வருமாம்னு கேட்டாங்க." அப்புறம் ஒன்றும் சொல்லவில்லையாம், ஒரு பையை மட்டும் கொடுத்தனுப்பினாளாம். பிளாஸ்டிக் வயரில் பின்னுவோமே, அந்தக் கூடை. சானடோரியத்தில் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எனக்காகச் சின்னதாக, சிவப்பும் வெள்ளையும். அடுத்த தடவை பச்சையும் மஞ்சளும். அத்தை அவற்றை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே விட்டாள். கோடை போகப் போக வீட்டில் கூடைகள் சேர்ந்துகொண்டே வந்தன. போட்டுவைக்க எங்களிடம் சாமான் இல்லை.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜீப்பில் ஏறிக்கொள்வேன். வெள்ளை உப்பு கண்ணைக் கூசும். பாத்தியில் வாரிக்கொண்டிருக்கும் பெண்கள் தூரத்தில் சிரித்துப் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. அந்த இந்திப் பெயர்க்காரரோடு பட்டணம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவேன். சானடோரியம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் அங்கே போய்ச் சேர்ந்ததும் விளையாட்டு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அப்போது எனக்கு அழுகையெல்லாம் வராது. அது தனிமை என்று எனக்குத் தெரியாது, எல்லாப் பிள்ளைகளும் சாயங்காலம் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அளத்தில் வேலை நின்றது, இன்ஜின் சத்தமும் நின்றது. பாத்தியெல்லாம் ஒரே தண்ணீர். அப்பா மறுபடியும் ஆபீஸுக்குப் போயிருந்த ஒரு நாள் மத்தியானம், நான் ஜீப்பில் உட்கார்ந்து கித்தானில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து வரப்பு வழியாக ஒரு பெண் வந்தாள். தலையில் முக்காடு, கையில் பெரிய வயர் கூடை. குண்டாக இருந்தாள். உப்பு அளத்துப் பெண்கள் யாரும் அவ்வளவு குண்டு இல்லை. ஜீப்புக்குக் கொஞ்சம் தள்ளி, மழையிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி, தெரியலையா?"

குரல் மட்டும் பழைய குரல். அங்கே பாலும் முட்டையும் கொடுத்து அவளை ஆளே மாற்றிவிட்டிருந்தார்கள். நான் இறங்கி ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். கிட்டே போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, அதனால்தான் தள்ளி நின்றாள்.

"எதுல வந்த?" என்றேன்.

"பஸ்லதான்."

"கண்டக்டரு?"

"டிக்கெட் குடுத்தான். வேற இன்னா பண்ணுவான்?"

பக்கத்து சீட்டுக்காரி இவள் மடியில் தன் குழந்தையை உட்காரவைத்துவிட்டுத் தூங்கிவிட்டாளாம். திண்டிவனம் வரைக்கும் அந்தக் குழந்தை அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டு வந்ததாம். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பிறகு கிட்டே வந்து ஜீப்பின் பானெட்டைத் தொட்டாள். சிலுவையைத் தொட்டாள். ஸ்டியரிங்கை எட்டித் தொட்டாள்.

"அப்ப நெசமாவே வண்டி இருக்குதா" என்றாள்.

எனக்கு அது புரியவில்லை. வண்டியில்லாமல் பின்னே?

"அங்க எல்லார்கிட்டயும் அவங்கவங்க வூட்ல அப்படித்தான் சொல்லியிருந்தாங்கடி. வண்டி எடுத்துட்டு வர்றோம், பணம் பொரட்டிட்டு வர்றோம், வூடு கட்டிட்டு வர்றோம்னு. எட்டு வருசமா வண்டிக்குக் காத்துட்டு இருக்கிற பாட்டியம்மாகூட ஒண்ணு இருக்குது. எனக்கும் அந்த மாதிரி ஒரு வண்டின்னுதான் நெனச்சேன்."

சொல்லிவிட்டு அழுதாள். இறக்கிவிட்ட அன்றைக்குக்கூட அழாதவள். அந்தக் கூடைகளையெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு பின்னினாள் என்று எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது. கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே எனக்குக் கூடை பின்னியிருக்கிறாள். லாரிக்கார அண்ணன் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னார். அது அங்கே போய்ச் சேரும்போது எல்லாரும் சொல்கிற பொய்யாகிவிட்டது.

நம்பர் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, பொங்கலுக்குப் பிறகு. சட்டத்தில் புதிதாகக் குத்தினார்கள், அதன் மேல் தார் படாமல் மாமா ஒரு துணியைக் கட்டி வைத்தார். அப்பா மாமாவோடு பேசினார். ஜீப் மீன் ஏற்றியது, அந்த வாசனை அதை விட்டுப் போகவேயில்லை. சில வருஷத்தில் மாமா எவ்வளவு தார் பூசியும் உப்பு அதைத் தின்றுவிட்டது. அம்மா ரொம்ப வருஷம் உயிரோடு இருந்தாள், அப்பாவுக்குப் பிறகும் இருந்தாள். வந்த அன்றைக்கு அத்தை மாடக்குழித் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அம்மா குடித்துவிட்டு, கழுவி, உள்ளே போய் மற்றத் தம்ளர்களோடு கவிழ்த்தாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். நம்பர் வந்த பிறகு அந்த ஜீப்பில் அம்மா ஒருநாளும் ஏறவில்லை. எங்கே போவதென்றாலும் பஸ்தான்.

ஆனால் அந்த மழை நாளில் ஏறினாள். "தள்ளிக்கோ" என்று சொல்லி, நனைந்த சேலையைப் பிழிந்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் எங்களுக்கு நடுவில் கூடையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். அவள் தோள் என் தோளில் பட்டது. சூடாக இருந்தது.

அப்படியே இருந்தோம். வரப்பில் அப்பா வந்தார். குடையில்லை. காகிதங்களை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். ஜீப்புக்குள் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்து நின்றார். யாரென்று தெரிந்ததும் அவர் கை சட்டைக்குள் இருந்த காகிதத்தின் மேல் போனது. ஏதோ ஆபீஸில் நிற்கிற மாதிரியே எங்கள் முன்னால் மழையில் நின்றார்.

"நம்பர் இன்னும் வரல" என்றார்.

அம்மா நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"நான் வந்துட்டேன், ஏறுங்க."